ஏழு முறை விண்வெளி சென்ற பொறியாளர்



சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பு தொடங்கிய அன்று மாணவர் ஒருவர் எழுந்து, "சார், விண்வெளி வீரர் ஆக வேண்டுமென்றால் எந்தப் பாடம் எடுத்துப் படிக்க வேண்டும்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கேட்டவர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏறக்குறைய அதே கேள்வியை 1960களில் ஒரு பள்ளி மாணவர் கடிதமாக எழுதி அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர் அமெரிக்கர் அல்லர்; ஆங்கிலமும் அறியாதவர். நாசாவிலிருந்து பதில் வந்தது. விண்வெளி வீரர் பணி அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியது என்பதுதான் அதன் சாரம். அந்தப் பதிலோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது. பின்னாளில் அவர் ஏழு முறை விண்வெளிக்குச் சென்றார். அதன் பிறகு, தாமே கண்டறிந்த ஒரு புதிய ராக்கெட் எஞ்சினை உருவாக்கத் தனியார் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயர் ஃபிராங்க்ளின் சாங் டியாஸ்.

அவருடைய வாழ்க்கையையும், அந்த எஞ்சினின் அடிப்படையான இயற்பியலையும் சேர்த்தே இங்குக் காண்போம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது.

கோஸ்டாரிகாவிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு

மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்றொரு சிறிய நாடு உண்டு. அதன் தலைநகரான சான் ஹோசேயில் 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சாங் டியாஸ் பிறந்தார். தந்தை சீன வழியினர். 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை ஏவியபோது சிறுவனுக்கு வயது ஏழு. அட்டைப் பெட்டிகளை வைத்து விண்கலம் செய்து விளையாடும் பருவம். அந்த விளையாட்டு ஆசை வயது ஏறிய பின்னும் அவரை விட்டுப் போகவில்லை.

1967இல் பள்ளிப் படிப்பை முடித்தார். மறு ஆண்டு அமெரிக்கா செல்லும்போது அவர் கையில் இருந்தவை ஒரு வழிப் பயணச்சீட்டும் 50 டாலரும்தான். கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் உறவினர் வீட்டில் தங்கினார். ஏற்கெனவே பள்ளியை முடித்தவர், ஆங்கிலம் கற்பதற்காக மீண்டும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கு தெரியும்; ஆனால் கேள்வி புரியாது. தொடக்கத் தேர்வுகளில் மதிப்பெண்கள் மிக மோசமாக இருந்தன. ஆண்டு முடிவதற்குள் நல்ல மாணவர்களுள் ஒருவராகி, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகையும் பெற்றார்.

இங்கே ஒரு சிக்கல். அந்த உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கானது. கோஸ்டாரிகா என்பதைப் போர்ட்டோரிகோ என்று தவறாக எண்ணி அதை வழங்கிவிட்டார்கள். போர்ட்டோரிகோ அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. அங்குப் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். தவறு தெரிந்ததும் உதவித்தொகை கைநழுவும் நிலை வந்தது. ஆசிரியர்கள் அவருக்காக வாதாடினர். ஓராண்டுக்கு மட்டும் உதவி கிடைத்தது. மற்ற ஆண்டுகளுக்கு வேலை செய்துகொண்டே படித்தார்.

பொறியியலிலிருந்து பிளாஸ்மாவுக்கு

அவர் எடுத்த பாடம் இயந்திரப் பொறியியல். செலவுக்காகப் பார்த்த வேலையோ இயற்பியல் துறை ஆய்வுக்கூடத்தில். அங்கு அணுக்களை மிகுந்த வேகத்தில் மோதவிடும் சோதனைகளுக்கான கருவிகளை அமைக்க உதவினார். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலையே பிற்கால ஆராய்ச்சிக்கு வாசலாயிற்று. 1973இல் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1977இல் பிளாஸ்மா இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் குடியுரிமையும் அக்காலத்திலேயே கிடைத்தது.

பிளாஸ்மா என்றால் என்ன? வாயுவை மிகவும் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடுகின்றன. எஞ்சுபவை நேர்மின்னூட்டம் பெற்ற அயனிகள். அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த இந்நிலையே பிளாஸ்மா. இதைத் தேடி நீங்கள் சூரியனுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் குழல்விளக்கு எரியும்போது அதனுள் இருப்பது பிளாஸ்மாதான். அதில் ஆர்கான் வாயுவும் பாதரச ஆவியும் உள்ளன. இந்த ஆர்கானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருவோம்.

அக்காலத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சியின் பெரிய குறிக்கோள் அணுக்கரு இணைவு. சூரியனில் நடப்பதுபோல் ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கும் முயற்சி அது. அவ்வளவு சூடான பிளாஸ்மாவை எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது. ஆனால் மின்னூட்டம் பெற்ற துகள்களைக் காந்தப்புலம் வளைத்துப் பிடித்து வைக்கும். ஆகவே காந்தப்புலத்தையே பாத்திரமாக்கினார்கள். இதற்குக் 'காந்தப் புட்டி' என்று பெயர். புட்டியின் முனைகளில் பிளாஸ்மா ஒழுகிக்கொண்டே இருந்தது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பெருங்கவலை.

சாங் டியாஸ் அந்த ஒழுக்கை வேறு கண்ணோடு பார்த்தார். மின்நிலையத்துக்கு ஒழுக்கு ஒரு குறை. ஆனால் ஒரு முனையில் வேகமாக எதையாவது வெளியேற்றுவதுதானே ராக்கெட்டின் வேலை? ஒழுகட்டும், ஒரே பக்கமாக, மிக வேகமாக ஒழுகட்டும்! 1970களின் இறுதியில் தோன்றிய இந்த எண்ணமே 'வாசிமர்' என்னும் எஞ்சினின் விதை.

ஏழு பயணங்கள்

1980இல் நாசா தேர்ந்தெடுத்த 19 அமெரிக்க விண்வெளி வீரர்களுள் சாங் டியாஸும் ஒருவர். பயிற்சி முடித்துக் காத்திருந்து, 1986 ஜனவரி 12ஆம் நாள் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் முதன்முறையாகப் பறந்தார். பல முறை ஒத்திவைக்கப்பட்ட பயணம் அது. அவருடன் சென்றவர்களில் சார்லஸ் போல்டன், பில் நெல்சன் ஆகிய இருவரும் பிற்காலத்தில் நாசாவின் தலைவர்களாக இருந்தனர்.

ஓடம் ஜனவரி 18ஆம் நாள் தரையிறங்கியது. பத்தே நாட்கள் கழித்து, ஜனவரி 28ஆம் நாள், சாலஞ்சர் ஓடம் ஏவப்பட்ட 73ஆம் வினாடியில் சிதறியது, எழுவர் உயிரிழந்தனர். நேற்றுவரை உடன் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். விண்வெளிப் பயணம் என்பது படங்களில் காண்பதுபோல் வெறும் வீரச்செயல் அன்று. ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. சாங் டியாஸ் பணியை விட்டுவிடவில்லை. அடுத்த பயணத்துக்கு 1989 அக்டோபர் வரை காத்திருந்தார். அந்தப் பயணத்தில்தான் வியாழனை ஆராயும் கலிலியோ விண்கலம் அட்லாண்டிஸ் ஓடத்திலிருந்து அனுப்பப்பட்டது.

தொடர்ந்து 1992, 1994, 1996, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் பறந்தார். மொத்தம் 1,600 மணி நேரத்துக்கு மேல் விண்வெளியில் கழித்தார். 2002இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று முறை விண்வெளி நடை மேற்கொண்டு, நிலையத்தின் இயந்திரக் கையில் பழுதான மணிக்கட்டு மூட்டை மாற்றுவதில் பங்கேற்றார். நடைகளின் மொத்த நேரம் 19 மணி 31 நிமிடம். விண்வெளி ஓடத்தில் ஏழு முறை பறந்தவர்கள் இருவரே. மற்றவர் ஜெரி ராஸ்.

அறுந்த கம்பி

ஏழு பயணங்களில் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு விதி விண்வெளியில் எப்படி வேலை செய்தது என்பதை அது காட்டும்.

1996 பிப்ரவரியில் கொலம்பியா ஓடத்திலிருந்து ஒரு செயற்கைக்கோளைக் கம்பியில் கட்டி மேலே விட்டார்கள், பட்டம் விடுவதுபோல. கம்பியின் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான்; நீளமோ 20 கிலோமீட்டருக்கு மேல். காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்லும் கடத்தியில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்று படித்திருக்கிறீர்கள். அதன் அளவு காந்தப்புலம், நீளம், திசைவேகம் ஆகிய மூன்றின் பெருக்கல்.

பூமியின் காந்தப்புலம் அங்கே ஏறத்தாழ 0.00003 டெஸ்லா. நீளம் 20,000 மீட்டர். வேகம் வினாடிக்கு 7,700 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 4,620 வோல்ட்! கம்பி காந்தப்புலத்துக்கு முற்றிலும் செங்குத்தாகச் செல்வதில்லை. புலமும் பூமியோடு சேர்ந்து சுழல்கிறது. எனவே உண்மையில் கிடைத்தது சுமார் 3,500 வோல்ட். சுற்றை நிறைவு செய்தது எது தெரியுமா? அந்த உயரத்தில் பூமியைச் சூழ்ந்துள்ள மெல்லிய பிளாஸ்மாவேதான்.

கம்பி 19.7 கிலோமீட்டர் நீண்டபோது திடீரென்று அறுந்தது. செயற்கைக்கோள் கைவிட்ட பட்டமாய் விலகிச் சென்றது. மின்காப்பு உறையில் ஓரிடத்தில் ஏற்பட்ட சேதத்தின் வழியே மின்பொறி பாய்ந்து, கம்பியை எரித்து அறுத்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1992இல், இதே சோதனை சாங் டியாஸ் சென்ற மற்றொரு பயணத்தில் செய்யப்பட்டு, கம்பி சுமார் 260 மீட்டரிலேயே சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஆக, இரு முறையும் சோதனை முழுமை பெறவில்லை. ஆனால் விதி பொய்க்கவில்லை. எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டமும் கிடைத்தது. விதி சரியாக இருந்தால் மட்டும் போதாது, உறையும் சரியாக இருக்க வேண்டும் என்பதே பொறியாளர் இதிலிருந்து கற்ற பாடம்.

வேகமாக வெளியேற்றினால் என்ன ஆதாயம்?

விண்வெளிப் பயணங்களுக்கு இடையே சாங் டியாஸ் தம் எஞ்சினை மறக்கவில்லை. 1993 டிசம்பர் முதல் 2005 வரை நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உந்துவிசை ஆய்வுக்கூடம் ஒன்றின் இயக்குநராக இருந்தார். அப்படி என்ன அவசியம் அந்த எஞ்சினுக்கு?

அசையாத குளத்தில் ஒரு படகில் நீங்கள் கற்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், துடுப்பு இல்லை. ஒரு கல்லைப் பின்னோக்கி எறிந்தால் படகு முன்னே நகரும். உந்த அழிவின்மை விதி இது. கல்லை இரு மடங்கு வேகத்தில் எறிந்தால் படகுக்கும் இரு மடங்கு உந்தம் கிடைக்கும். கற்கள் குறைவாக இருந்தால், ஒவ்வொன்றையும் வேகமாக எறிவதே புத்திசாலித்தனம். ராக்கெட்டுக்குக் கல் என்பது எரிவாயு.

மிகச் சிறந்த வேதியியல் ராக்கெட்டான ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எஞ்சினில் வாயு வினாடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். இதற்கு மேல் அதிகம் செல்ல முடியாது; எரிபொருளில் உள்ள வேதியியல் ஆற்றல் அவ்வளவுதான். வாசிமர் எஞ்சினில் ஆற்றல் எரிபொருளிலிருந்து வருவதில்லை; மின்சாரத்திலிருந்து வருகிறது. அதனால் ஆர்கான் பிளாஸ்மாவை வினாடிக்கு 49 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேற்ற முடிகிறது. ஏறத்தாழ 11 மடங்கு!

ஓர் எடுத்துக்காட்டு. 5 டன் நிறையுள்ள விண்கலத்துக்கு வினாடிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகம் கூடுதலாகத் தர வேண்டும். வேதியியல் எஞ்சினால் செய்தால் 4.5 டன்னுக்கு மேல் எரிபொருளாகவே தீர்ந்துவிடும். எஞ்சுவது ஏறத்தாழ 440 கிலோகிராம். வாசிமர் போன்ற எஞ்சினுக்கு 1 டன் ஆர்கான் போதும். 4 டன் எஞ்சும். கணக்கு எப்படி வந்தது என்று மேல்வகுப்பு மாணவர்கள் சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாட்டைக் கொண்டு சரிபார்க்கலாம்.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

வாசிமரில் மூன்று பகுதிகள் உள்ளன. மூன்றையும் சுற்றி மீக்கடத்திக் காந்தங்கள்.

முதற்பகுதியில் ஆர்கான் வாயுமீது ரேடியோ அலைகள் செலுத்தப்படுகின்றன. வாயு பிளாஸ்மா ஆகிறது. இரண்டாம் பகுதியில் அந்தப் பிளாஸ்மா மேலும் சூடாக்கப்படுகிறது. இதில்தான் நுட்பம் உள்ளது. காந்தப்புலத்தில் அயனி வட்டமிட்டுச் சுற்றும். அது வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்ததன்று. காந்தப்புலத்தையும், அயனியின் மின்னூட்டத்தையும் நிறையையும் பொறுத்தது. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால், ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல அயனியின் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. வெப்பநிலை பத்து இலட்சம் டிகிரியைத் தாண்டும்.

மூன்றாம் பகுதியில் காந்தப்புலம் புனல்போல் விரிகிறது. வட்டமிட்டுச் சுற்றிய அயனிகளின் இயக்கம் அங்கே நேர்கோட்டு இயக்கமாக மாறிப் பின்புறமாகப் பாய்கிறது. சூடான பிளாஸ்மா எந்த உலோகச் சுவரையும் தொடுவதில்லை. ஆகவே எஞ்சின் எளிதில் தேயாது என்பது வடிவமைத்தவர்களின் எதிர்பார்ப்பு.

இன்னொரு சிறப்பும் உண்டு. மின்திறனில் எவ்வளவு முதற்பகுதிக்கு, எவ்வளவு இரண்டாம் பகுதிக்கு என்பதை மாற்றிக்கொள்ளலாம். மேட்டில் ஏறும் பேருந்து ஓட்டுநர் கியரை மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறார் அல்லவா? அதுபோல, வேண்டும்போது வெளியேறும் வேகத்தைக் குறைத்து உந்துவிசையைக் கூட்டலாம். வேண்டாதபோது திரும்ப மாற்றலாம்.

அரசுப் பணியிலிருந்து தொழில்துறைக்கு

2005இல் சாங் டியாஸ் நாசாவிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது வயது 55. விரிவுரைகள் ஆற்றிக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். மாறாக, 'ஆட் ஆஸ்ட்ரா' என்ற ராக்கெட் நிறுவனத்தைத் தொடங்கினார். 'விண்மீன்களை நோக்கி' என்பது அந்த லத்தீன் சொற்களின் பொருள். டெக்சாஸ் மாநிலத்தில் வெப்ஸ்டர் நகரில் தலைமையிடம். கோஸ்டாரிகாவில் லிபேரியா என்னும் ஊரில் ஒரு கிளை. ஐம்பது டாலரோடு வெளியேறிய நாட்டுக்கே ஆய்வுக்கூடத்தைக் கொண்டுபோனார். நாசா ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த எஞ்சின், நாசாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது.

விண்வெளித் துறையில் தனியார் நிறுவனங்கள் பெருகிவந்த காலம் அது. 2011இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றன. 2012இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் கலம் விண்வெளி நிலையத்துக்குச் சரக்குக் கொண்டுசென்றது. 2020இல் மனிதர்களையே கொண்டுசென்றது. விண்வெளி வீரர் என்றால் அரசு ஊழியர் என்றிருந்த நிலை மாறியது.

ஆனால் நிறுவனம் நடத்துவது எளிதன்று. அரசு ஆய்வுக்கூடத்தில் சோதனை தவறினால் அறிக்கை எழுத வேண்டும். சொந்த நிறுவனத்தில் தவறினால் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழி தேட வேண்டும். ஆட் ஆஸ்ட்ரா முதலீட்டாளர்களிடமும் ஒப்பந்தங்களிலும் பணம் திரட்டியது. கோஸ்டாரிகாவில் ஹைட்ரஜனால் இயங்கும் பேருந்து ஒன்றை ஓட்டிக் காட்டியது. இவற்றின் நடுவே எஞ்சினும் முன்னேறியது. 2009இல் சோதனை எஞ்சின் 200 கிலோவாட் திறனை எட்டியது. 2021 ஜூலையில் அதன் மேம்பட்ட வடிவம் 80 கிலோவாட் திறனில் 88 மணி நேரம் இயங்கியது.

இன்னும் தீராத கணக்கு

அப்படியானால் இந்த எஞ்சின் எங்கே பறக்கிறது? எங்கும் பறக்கவில்லை. சோதனைகள் எல்லாம் பூமியில், பெரிய வெற்றிடக் கலத்தினுள் நடந்தவை. விண்வெளி நிலையத்தில் பொருத்திச் சோதிக்கும் திட்டம் இருந்தது. 2015இல் அது கைவிடப்பட்டது. ஏன் இந்தத் தாமதம் என்பதையும் உங்கள் பாடப்புத்தக இயற்பியலே சொல்லும்.

200 கிலோவாட் மின்திறனில் இந்த எஞ்சின் தந்த உந்துவிசை சுமார் 5.7 நியூட்டன். அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான தக்காளியைக் கையில் ஏந்தினால் உணரும் விசை அவ்வளவுதான்! பூமியிலிருந்து கிளம்ப இது உதவாது. வெற்றிடத்தில் நாள்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பயன். நமது 5 டன் கலத்தில் இதனால் உண்டாகும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.00114 மீட்டர். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். ஒரு நாளில் கூடும் வேகம் வினாடிக்கு 98 மீட்டர். 100 நாட்களில் 10 கிலோமீட்டரைத் தொடும். ஆர்கான் தீரத் தீரக் கலம் இலேசாவதால் 11 கிலோமீட்டர் வரை வரும். ஆமை வெல்லும் பந்தயம் இது.

விசை ஏன் இவ்வளவு குறைவு? ஒரு வினாடியில் வெளியேறும் நிறையை வெளியேறும் வேகத்தால் பெருக்கினால் உந்துவிசை. அதே நிறையின் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. இரண்டையும் ஒப்பிட்டால், தேவையான திறன் = உந்துவிசை × வேகம் ÷ 2. அதாவது, எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டக் கூட்ட, அதே விசைக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். 5.7 நியூட்டனையும் 49,000 மீட்டரையும் பெருக்கிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 1,40,000 வாட். உள்ளே செலுத்தியது 2,00,000 வாட். பயனுறுதிறன் 70 சதவீதம், நல்ல எஞ்சின்தான். சிக்கல் எஞ்சினில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது.

விண்வெளி நிலையத்தில் முதலில் பொருத்தப்பட்ட எட்டுப் பெரிய சூரியத் தகடுகளும் சேர்ந்து தந்த திறன் அதிகபட்சம் 120 கிலோவாட் அளவே. நமது கலத்துக்கு 200 கிலோவாட் தேவை. ஒரு கிலோவாட்டுக்கு 20 கிலோகிராம் எடையுள்ள மின்னாக்கி என்றால் 200 கிலோவாட்டுக்கு 4 டன். நாம் மிச்சப்படுத்திய 4 டன்னும் அதற்கே சரியாகப் போய்விடும்! பயணிக்கு இடமில்லை. கிலோவாட்டுக்கு 5 கிலோகிராம் என்று குறைத்தால் 1 டன். மூன்று டன் நமக்கு.

தக்க எஞ்சினும் 200 மெகாவாட் அணு உலையும் இருந்தால் 39 நாட்களில் செவ்வாயை அடையலாம் என்று சாங் டியாஸ் கூறியதுண்டு. அவ்வளவு திறனுள்ள, அவ்வளவு இலேசான அணு உலை உலகில் இல்லை. ஆகவே அந்தக் கூற்றை மறுத்த பொறியாளர்களும் உண்டு. ராபர்ட் ஜூப்ரின் 2011இல் கடுமையாகவே மறுத்தெழுதினார். இரு தரப்பும் மறுக்காத செய்தி ஒன்றே: மின்சாரம் இலேசானால்தான் இந்த எஞ்சினுக்கு வாழ்வு.

மின்சாரத்தால் இயங்கும் எஞ்சின் என்பதே கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். 2007இல் ஏவப்பட்ட டான் விண்கலம் அயனி எஞ்சின்களால்தான் வெஸ்டாவையும் சீரஸையும் சென்றடைந்தது. அதன் உந்துவிசை ஒரு தாளின் எடை அளவே. ஆனால் மொத்தம் 5.9 ஆண்டுகள் எஞ்சின் இயங்கி, வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தை மாற்றியது. வாசிமர் அதைவிட மிகப் பெரிய திறனுக்கானது. ஆனால் அது தொடர்ந்து இயங்கிக் காட்டியது 88 மணி நேரம். நமது கணக்குக்கு வேண்டியதோ 2,400 மணி நேரம். இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாடம் படிக்க வேண்டும்?

நண்பர்களே, என் மாணவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். சாங் டியாஸ் படித்தது இயந்திரப் பொறியியல்; பிழைக்கச் செய்தது ஆய்வுக்கூட வேலை; முனைவர் பட்டம் பிளாஸ்மாவில்; பணி விண்வெளியில்; பின்னர் தொழில்துறையில். விண்வெளி வீரர் ஆவதற்கென்று தனியாக ஒரு பாடம் அவர் படிக்கவில்லை. எடுத்த பாடத்தை அடிவரை படித்தார். வாசல் அடைத்திருந்தபோது அடுத்த வாசலைத் தட்டினார்.

அவருடைய எஞ்சின் ஒரு நாள் பறக்கலாம், பறக்காமலும் போகலாம். அதைத் தீர்மானிப்பது புகழோ ஆசையோ அல்ல. ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோகிராம் என்ற கணக்கு. அந்த எண்ணைக் குறைப்பவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அவர் இப்போது ஏதோ ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படித்துக்கொண்டிருக்கக்கூடும். வகுப்பில் கேள்வி கேட்டுச் சிரிப்பை வாங்கிக்கொண்டவராகவும் இருக்கலாம்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. 5,000 கிலோகிராம் கலம் 1 கிலோகிராம் வாயுவை (அ) வினாடிக்கு 4,500 மீட்டர், (ஆ) வினாடிக்கு 49,000 மீட்டர் வேகத்தில் வெளியேற்றினால் கலத்தின் வேகம் எவ்வளவு கூடும்?

2. வினாடிக்கு 30,000 மீட்டர் வேகத்தில் வாயுவை வெளியேற்றி 10 நியூட்டன் உந்துவிசை பெற, வாயுவுக்குத் தர வேண்டிய திறன் எவ்வளவு?

3. மின்திறனும் பயனுறுதிறனும் மாறாமல், வெளியேறும் வேகத்தை இரு மடங்காக்கினால் உந்துவிசை என்ன ஆகும்? ஒரு வினாடிக்குச் செலவாகும் வாயு என்ன ஆகும்?

விடைகள்: 1. (அ) வினாடிக்கு 0.9 மீட்டர், (ஆ) வினாடிக்கு 9.8 மீட்டர். 2. 150 கிலோவாட். 3. உந்துவிசை பாதியாகும், வாயுச் செலவு நான்கில் ஒரு பங்காகும்.

மூன்றாம் கணக்கின் விடையைச் சற்று நேரம் யோசித்துப் பாருங்கள். ஓட்டுநர் கியர் மாற்றுவதை ஏன் எடுத்துக்காட்டாகச் சொன்னோம் என்பது அப்போது விளங்கும்.